கிறித்தவ வரலாறும் ஈழத்துப் புனைகதையும்

நிகழ்ந்தது இதுவென்று கூறுவது வரலாறு. நிகழ்ந்தது மாந்தர் நெஞ்சிலே எவ்வாறு தைத்தது என்று காட்டுவது புனைகதை. முன்னையது சான்றுகளைத் துணையாகக் கொண்டு செல்வது. பின்னையது சான்றுகள் நின்றுவிட்ட இடத்திலே நடக்கத் தொடங்குவது. அரசியல் வரலாற்றைக் கதையாக்குவோனுக்கு இது பெரிதும் இடர் தருவதன்று. சோழனும் பல்லவனும் இன்று எவரோடும் வழக்காடுவதில்லை. சமய வரலாற்றைக் கதையாக்குவோன் நிலை அத்தகையதன்று. அவன் கதையிலே மாண்டோரும் மாறினோரும் இன்று வழிபடுவோரின் முன்னோராவர். ஒரு சொல் மிகின் ஒரு சாரார் மனம் நோவர். ஒரு சொல் குறையின் மற்றொரு சாரார் மனம் நோவர். இவ்வச்சம் காரணமாகவே ஈழத்துத் தமிழெழுத்தாளர் தம் வீட்டு வாயிலிலே கிடந்த பெருங் கதைப்பொருளொன்றை நெடுங்காலம் கடந்து சென்றனர் எனலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மன்னாரிலும் கிறித்தவ சமயம் புகுந்து பரவிய வரலாறே அப்பொருள். அது புனைகதைக்கு இதுவரை அளித்தது யாது, இனி அளிக்கவல்லது யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

முதலிற் பொருளின் வளத்தை நோக்குதல் தகும். 1544ஆம் ஆண்டில், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தொண்டாற்றிக்கொண்டிருந்த பிரான்சிசு சவேரியார், மன்னார் மக்களின் வேண்டுகோளுக்கிணங்கிக் குருவொருவரை அங்கு அனுப்பினார். அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றோரை யாழ்ப்பாண மன்னன் முதலாஞ் சங்கிலி கொல்வித்தான். மாண்டோர் 600 முதல் 700 வரையினர் என்பர். மன்னார்த் தீவிலே தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகள் கோயில் அவர் நினைவைப் போற்றுகின்றது. 1545ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கொச்சியிலிருந்து சவேரியார் எழுதிய கடிதம் இச்செய்தியை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றது. மன்னனைத் தண்டிக்கப் போர்த்துக்கேயர் படை திரட்ட எண்ணினர். ஆயின் அவ்வேளையிலே பெகு நாட்டுச் சரக்கோடு வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையிலே தரைதட்டியது; சரக்கு மன்னன் கைப்பட்டது. சரக்கு மீளும்வரை போர் வேண்டாவென்ற எண்ணம் மேலோங்க, படையெடுப்புக் கைவிடப்பட்டது. குருதிக்குப் பழிகேட்க எழுந்த வாள் சரக்கு மூட்டைக்காக உறையினுள் மீண்ட இந்நிகழ்ச்சி ஒன்றே ஒரு நாவலுக்குப் போதியதாம்.

பின்னர் நிகழ்ந்தனவும் இதற்குக் குறைந்தனவல்ல. 1560இல் மன்னாரிற் கோட்டை எழுந்தது. 1619இல் பிலிப்பு தெ ஒலிவேரா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. சிறைப்பட்ட சங்கிலி குமாரன் கோவைக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொலைத்தண்டனை பெற்றான். அவன் இறக்குமுன் சிறையிலே ஞானஸ்நானம் பெற்றானென்றும், அரச குலத்துச் சிறுவன் ஒருவன் பின்னாளிற் பிரான்சிசுக்க சபைத் துறவியானான் என்றும் போர்த்துக்கேயத் துறவியர் நூல்கள் கூறும். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர் ஆட்சியில் உத்தியோகம் பெறுதற்கும் திருமணம் சட்டப்படி பதியப்படுதற்கும் சீர்திருத்தச் சபையின் ஏடுகளிலே பெயர் ஏறவேண்டியதாயிற்று. அவர் கத்தோலிக்கரையும் ஒறுத்தனர். 1687இல் யோசேவ் வாஸ் முனிவர் குருவென்று அறியப்படாவண்ணம் ஏழைக் கோலத்தோடு யாழ்ப்பாணம் புகுந்து, சில்லாலையிலே மறைந்திருந்து தொண்டாற்ற நேர்ந்தது. 2015ஆம் ஆண்டிற் புனிதராக உயர்த்தப்பட்டவர் அவரே.

இத்துணை வளமுள்ள பொருள் முதலிற் செய்யுளாகவே வடிவெடுத்தது. ஞானப்பள்ளு, சந்தியோகுமையோர் அம்மானை, திருச்செல்வர் காவியம் முதலியன போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் எழுந்தவை. பள்ளு, அம்மானை என்னும் நாட்டு வடிவங்களிலே புதிய சமயத்தைப் பாடிய துணிவு பாராட்டற்குரியது. சந்தியோகு என்னும் பெயரே இசுப்பானிய நாட்டுத் திருத்தொண்டர் ஒருவர் தமிழ் நாவிலே குடிபுகுந்தமைக்குச் சான்று. திருச்செல்வர் காவியத்தின் வரலாறு இன்னும் வியத்தற்குரியது. அரண்மனை இன்பத்தைத் துறந்து துறவியிடம் ஞானம் பெற்ற யோசபாத்து என்னும் அரசிளங்குமரன் கதை அது. அக்கதை புத்தர் பெருமான் வரலாறே மேற்றிசை சென்று மொழிதோறும் மாறிக் கிறித்தவக் கதையாயிற்று என்பதை ஆராய்ச்சியாளர் 19ஆம் நூற்றாண்டிற் கண்டு நிறுவினர். கீழ்த்திசையிலிருந்து சென்ற கதை கப்பலேறி மீண்டு தெல்லிப்பழைப் புலவர் வாயிலாகத் தமிழ்க் காவியமாயிற்று. கதைக்குச் சமய எல்லை இல்லை என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை.

எனினும், இந்நூல்கள் யாவற்றினும் ஒரு குறை காணப்படும். அவை பாடும் திருத்தொண்டர் யாவரும் வேற்று நாட்டவர். மன்னாரிலே மாண்ட வலைஞனோ, வலிகாமத்திலே புதுப்பெயர் பூண்ட கமக்காரனோ அவற்றிலே தலைவனாகவில்லை. புலவர் அடியாரைக் கண்டனர்; அயலானைக் கண்டிலர்.

உரைநடையில் எழுதப்பெற்ற யாழ்ப்பாண வைபவமாலையை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். ஒல்லாந்த அதிகாரி மக்கறூன் கேட்டுக்கொண்டபடி 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் இயற்றிய அந்நூல் வரலாறு என்ற பெயரோடு வழங்கினும், அதன் நடை கதையின் நடையே. மன்னார்க் கொலை செய்த சங்கிலியும், ஏறக்குறைய எழுபத்தைந்து ஆண்டுகளின் பின் அரசிழந்த சங்கிலியும் அதில் ஒருவராகிவிட்டனர். ஆராய்ச்சியாளர்க்கு இது பிழை. இலக்கியத் திறனாய்வாளனுக்கோ இது ஓர் அடையாளம். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒருவனே என்று மக்கள் நினைவு முடிவு செய்தமையால், குற்றமும் தண்டனையும் ஒரே வாழ்வினுள் அடங்கின. வரலாற்றிலே கிடைக்காத நீதியைக் கதை தேடிக்கொண்ட வகை அது. ஆயினும் அந்நீதி மன்னனுக்கு வழங்கப்பட்டதேயன்றி மாண்டோர்க்கு வழங்கப்பட்டதன்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே நாவல் தோன்றியபொழுதும் நிலைமை மாறவில்லை. திருகோணமலை இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட ஊசோன் பாலந்தை கதை, ஐரோப்பாவிற் பழைய நாளில் வழங்கிய இரட்டையர் கதையொன்றின் தழுவல். கிறித்தவச் சூழல் உண்டு; ஈழமில்லை. 1895இல் வெளிவந்த மோகனாங்கி தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படுவது. அதன் ஆசிரியர் சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலையாரே. ஆயின் அவர் தெரிந்தெடுத்த களம் நாயக்கர் காலத்துத் தமிழகம். ஈழத்தவர் ஒருவர் வரலாற்று நாவல் எழுதப் புகுந்து கடல் கடந்து சென்றமை கருதத்தக்கது. அயல்நாட்டு வரலாறு எவரையும் நோகச்செய்யாது என்பதும் ஒரு காரணமாகலாம்.

1914இல் வெளிவந்த மங்களநாயகம் தம்பையாவின் நொறுங்குண்ட இருதயம் வேறு வழியிற் சென்றது. அது வரலாற்று நாவலன்று. கிறித்தவப் பெண்மணி ஒருவர் தம் காலத்து யாழ்ப்பாணக் குடும்பத்தை வைத்து எழுதிய கதை. அறிவுரை மிகுந்தது, ஓரிடத்திலே கதை நின்று பிரசங்கம் தொடங்குவதும் உண்டு. எனினும் இல்லத்தினுள்ளே ஒரு பெண் மௌனமாகப் பொறுக்கும் துன்பத்தை அது கண்டது. சமயம் கோயிலிலும் வாதமேடையிலும் மட்டும் வாழ்வதன்று, அடுக்களையிலும் திண்ணையிலும் வாழ்வது என்பதை உணர்த்திய வகையில், வரலாற்று நாவல்கள் கற்றுத்தராததை இந்நூல் கற்றுத்தருகின்றது.

வரலாற்றை நேரே எதிர்கொண்ட பெருமை நாடகத்துக்கே உரியது. சங்கிலியன் கதை நாட்டுக்கூத்தாகவும் மேடை நாடகமாகவும் பலமுறை ஆடப்பட்டது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1956இல் வெளியிட்ட சங்கிலி, ஆராய்ச்சியாளர் ஒருவர் நாடகாசிரியராகவும் நின்று எழுதியது; வரலாற்றைப் பழங்கதையின் பிடியிலிருந்து மீட்கும் முயற்சி அதனுடன் சேர்ந்திருந்தது. ஆயினும் அந்நாடகத்தின் நடுவிடம் அரசனுக்கும் அரசிற்குமே உரியது. அரசு வீழும் துன்பத்தைப் பாடுவது பெருங்கலை, ஐயமில்லை. அதனோடு அமைந்துவிட்டால், அரசு வீழ்ந்த மறுநாளும் அவ்வூரிலே வாழவேண்டியிருந்தவர் கதை சொல்லப்படாமலே போம்.

அம்மறுநாளைப் பற்றிய மிகச்சிறந்த கதைக்கரு குடாநாட்டின் நடுவிலே, நல்லூரை அடுத்த திருநெல்வேலியிலேயே கிடக்கின்றது. திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் வரலாற்றைச் சைவ உலகம் நன்கறியும். போர்த்துக்கேய அதிகாரியின் உணவுக்காக வீட்டுக்கு வீடு முறைவைத்து நாடோறும் ஒரு பசு கொடுக்கவேண்டுமென்ற கட்டளை பிறந்தது. தம் வீட்டு முறை வருதற்கு முந்திய இரவில் அவர் ஊரைவிட்டு நீங்கினார். சிதம்பரம் சேர்ந்தார், வடநாடு சென்று வடமொழி கற்றார், துறவு பூண்டார், சிவஞான சித்தியாருக்கு உரை வகுத்தார், சிதம்பரத்திலே தம் பெயரால் வழங்கும் குளத்தையும் அகழ்வித்தார். இவ்வரலாறு தலைமுறை தலைமுறையாகப் பெருமையோடு சொல்லப்பட்டு வருகின்றது. பெருமைக்குரியதே.

ஆனால் கதையாசிரியன் இவ்விடத்திலே ஒரு வினாவை எழுப்பக் கடமைப்பட்டவன். மறுநாட் காலை அவ்வீட்டில் நிகழ்ந்தது யாது? முறை வந்துவிட்டது, ஏவலாளர் படலையிலே வந்து நின்றனர், வீட்டுத் தலைமகன் இல்லை. தொழுவத்திலிருந்து பசுவை அவிழ்த்துக் கொடுத்தவர் எவர்? கொடாதிருந்தாராயின் தண்டனையை ஏற்றவர் எவர்? அப்பசுவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதனைப் பெயர் சொல்லி அழைத்துப் பால் கறந்த பெண்ணொருத்தி இருந்திருப்பாள். மரபு இவர்களைப் பற்றி மௌனம் சாதிக்கின்றது. நீங்கினவர் ஞானியானார், நின்றவர் பெயரின்றிப் போயினர். அம்மௌனமே புனைகதையின் விளைநிலம்.

இவ்வினாவைப் பற்றிக்கொண்டு நோக்கின், கிறித்தவ வரலாற்றின் மாந்தர் மூவகையினராகத் தோன்றுவர். மாண்டவர் ஒரு வகையினர்; மன்னார் வேதசாட்சிகள் அத்தகையோர். நீங்கினவர் ஒரு வகையினர், ஞானப்பிரகாசர் அத்தகையோர். இவ்விரு வகையினரையும் அவரவர் சமயத்தார் போற்றினர், அம்மானை பாடினர், குருபூசை செய்தனர். மூன்றாம் வகையினர் நின்றவர். அவரே தொகையால் மிக்கவர். அவர் வாளுக்கும் இரையாகவில்லை, தோணியும் ஏறவில்லை. பெயரை மாற்றிக்கொண்டனர், நெஞ்சை மாற்றினரோ இல்லையோ, எவரறிவார்? சைவர் விரதநாளில் உண்ட வாழையிலையை எறியாது கூரையின் இறப்பிலே செருகி மறைத்தனர் என்னும் செவிவழிச் செய்தி யாழ்ப்பாணத்தில் உண்டு. அரை நூற்றாண்டு கழிந்ததும் சில்லாலைக் கத்தோலிக்கர் தம் குருவை ஒல்லாந்தர் கண்ணுக்கு மறைத்தனர். ஒருவர் இலையை மறைத்தார்; ஒருவர் குருவை மறைத்தார். இரண்டும் வலிகாமத்திலேயே, ஒரு நூற்றாண்டின் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தன. ஒருவர் துன்பத்தை மற்றவர் அறிந்திலர். அறிவித்தல் நாவலாசிரியன் கடன்.

இத்தகைய பொருள் உலக இலக்கியத்திலே எடுத்தாளப்பட்ட வகையை ஒப்புநோக்குதல் பயன்தரும். போலந்து நாட்டுச் சியென்கியேவிச்சு எழுதிய குவோ வாதிசு நீரோ மன்னன் காலத்து வேதசாட்சிகளைப் பாடியது. அதன் காட்சிகள் பெரியன. ஆயினும் அதில் நல்லோர் நல்லோராகவும் தீயோர் தீயோராகவுமே நிற்பர். யப்பானிய எழுத்தாளர் சுசாகு எந்தோ 1966இல் வெளியிட்ட மௌனம் என்னும் நாவல் இதற்கு மறுதலை. மன்னாருக்குக் குருவை அனுப்பிய அதே சவேரியார் 1549இல் யப்பானில் விதைத்த சமயம், அடுத்த நூற்றாண்டிலே கொடிய ஒறுப்புக்குள்ளானது. கிறித்து உருவைக் காலால் மிதித்துத் தம் சமயத்தை மறுக்குமாறு கிறித்தவர் வற்புறுத்தப்பட்டனர். எந்தோ தாமும் கத்தோலிக்கரே. எனினும் அவர் தெரிந்தெடுத்த தலைவன் மிதியாது மாண்ட வீரனல்லன். பிறர் துன்பம் பொறாது மிதித்த குரு. பலமுறை காட்டிக்கொடுத்துப் பலமுறை அழுது மீளும் கோழை ஒருவனும் அதில் உளன். யப்பானியக் கத்தோலிக்கருட் சிலர் அந்நூலைக் கடிந்தனர். ஆயினும் அது நிலைபெற்றது. வலியோர்க்குச் சிலை உண்டு. மெலியோர்க்குக் கதையன்றி வேறு புகலிடமில்லை என்பதை அது உணர்ந்தமையே அதற்குக் காரணம்.

தமிழகத்திலே யோ டி குருசு எழுதிய ஆழி சூழ் உலகு 2004இலும், கொற்கை 2009இலும் வெளிவந்தன. சவேரியார் தொண்டாற்றிய பரதவர் குலத்தின் 20ஆம் நூற்றாண்டு வாழ்வை அவை அக்குலத்தார் மொழியிலேயே கூறுகின்றன. அவற்றிலே சமயம் கோட்பாடாக வருவதன்று. கடலோடும் மரத்தோடும் கொடியேற்றத்தோடும் சாவீட்டோடும் கலந்து வருவது. மதமாற்றத்தை வெற்றியென்றோ வீழ்ச்சியென்றோ தீர்ப்புக்கூறாது, அதன்பின் நானூறு ஆண்டு ஒரு மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று காட்டுதலே கதைக்கு உரிய வழி என்பதற்கு அவை சான்றாகும்.

இனி ஒரு தடை எழலாம். சைவன் ஒருவன் கிறித்தவர் வரலாற்றை எழுதுதல் தகுமோ? கிறித்தவன் ஒருவன் சைவர் துன்பத்தை எழுதினால் அது நம்பப்படுமோ? இத்தடைக்கு விடை யாழ்ப்பாணத்திலேயே உண்டு. திருநெல்வேலியிலே 1921இல் பரமேசுவராக் கல்லூரியை நிறுவிய சேர். பொன். இராமநாதன், அதற்குப் பல்லாண்டு முன்பே மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு ஆங்கிலத்தில் விளக்கவுரை வெளியிட்டவர். தம் சமயத்தினின்று வழுவாது பிறர் மறையினுள் அன்போடு புகலாம் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு. மறுபுறத்தில், சைவக் குடும்பத்திலே பிறந்து கத்தோலிக்கக் குருவாகிய நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் எழுதித் தமிழரசர் வரலாற்றைத் துருவி ஆராய்ந்தார். போர்த்துக்கேயருக்கு அஞ்சிப் பசுவைக் காத்து நீங்கிய சைவ முனிவர் பெயரும், போர்த்துக்கேயர் கொணர்ந்த சமயத்தைத் தழுவி நின்ற குருவின் பெயரும் ஒன்றாயமைந்தமை தற்செயலே. எனினும் நாவலாசிரியன் ஒருவன் வேண்டினும் இதனினும் சிறந்த குறியீட்டைப் புனைந்துகொள்ளல் அரிது.

ஆறுமுக நாவலர் வாழ்வும் இங்கு நினைக்கத்தக்கது. பிற்காலத்திலே சைவப் பாதுகாவலராய் நின்ற அவர் இளமையிற் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பிலே உழைத்தவர். ஒரே மேசையின் இருபுறத்தும் இருவர். இருவர்க்கும் தத்தம் சமயத்திலே உறுதி. இடையே ஒரு சொல்லுக்கு ஏற்ற தமிழ் யாதென்னும் ஆராய்ச்சி. அவ்வுரையாடல் எவ்வாறு அமைந்திருக்கும்? மதிப்பும் முரண்பாடும் ஒருங்கே நிறைந்த அவ்வறையினுள் ஈழத்துப் புனைகதை இன்னும் புகவில்லை.

புகுவோன் கைக்கொள்ளவேண்டிய நெறிகள் சில உள. ஆவணங்களைக் கற்றல் முதலாவது. ஒல்லாந்தரின் தோம்புகளிலே நிலமும் குடியும் பெயர் பெயராகப் பதிவாயின. அவற்றின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் கதையாகலாம். காலத்துக்கேற்ற மொழியறிதல் இரண்டாவது. கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, பாண் என்பன இன்று யாழ்ப்பாணத்து வீட்டுச் சொற்கள். யாவும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. 1544இன் கதையிலே ஒருவனைக் கதிரையில் இருத்துதல் பிழை; 1650இன் கதையிலே அதுவே அழகு. வாளால் வந்த ஆட்சி நீங்கிய பின்னும் நாவிலே தங்கிய இச்சொற்கள், வெறுப்பும் பழக்கமும் ஒரே வீட்டில் வாழ்ந்தமைக்குச் சான்றாகும். இக்கால உணர்ச்சியை அக்காலத்தார் மேல் ஏற்றாமை மூன்றாவது. முதலாஞ் சங்கிலி சமயத்துக்காக மட்டும் வாளெடுத்தானோ, மன்னார் முத்துக்கும் துறைக்கும் அந்நியர் உரிமைகொள்வர் என்று அஞ்சி எடுத்தானோ என்பது எளிதில் தீர்க்கத்தக்கதன்று. மன்னார் மக்கள் ஞானஸ்நானம் வேண்டியதும் நம்பிக்கையால் மட்டுமோ, கடற்காவல் நாடியும் ஆமோ என்பதும் அவ்வாறே. தீர்ப்பு அவசரப்படுமிடத்துக் கதை மடியும்.

கிறித்தவ வரலாறு என்பது போர்த்துக்கேயரோடு முடிந்துபோன பழங்கதையுமன்று. 1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள் நவாலித் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்தோர் பலர் விமானக் குண்டுவீச்சில் மாண்டனர். போருக்கு அஞ்சி ஓடியோர் கோயிலா தேவாலயமா என்று பாராது அருகிலிருந்த கூரையின் கீழ் ஒதுங்கினர். ஒரு காலத்திலே கோயிற் கல்லை இடித்தவர் கட்டிய சமயத்தின் கூரை, பிறிதொரு காலத்தில் அவ்வூரார் யாவர்க்கும் புகலிடமாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? எத்தனை திருமணங்கள், எத்தனை பகைகள், எத்தனை இரகசிய விரதங்கள், எத்தனை மன்னிப்புகள் இடையிலே நிகழ்ந்திருத்தல் வேண்டும்? வரலாற்று நூல் இவ்வினாக்களுக்கு விடை கூறாது, கூறவும் இயலாது.

ஆகவே, ஈழத்துக் கிறித்தவ வரலாற்றைக் கதையாக்க விழைவோன் மன்னனின் அரண்மனையிலும் தொடங்கவேண்டியதில்லை, குருவின் கப்பலிலும் தொடங்கவேண்டியதில்லை. திருநெல்வேலியிலே ஒரு தொழுவம், விடியற்காலை, கட்டுத்தறியிலே ஒரு பசு, வீட்டினுள்ளே இரவு முழுதும் உறங்காத ஒரு குடும்பம். அங்கே தொடங்கினாற் போதும். அவ்வீட்டார் அன்று செய்தது யாதாயினும், அதனை இகழாதும் புகழாதும் விளங்கிக்கொள்ளும் நாவல் எழுமாயின், சைவரும் கிறித்தவரும் அதனைத் தத்தம் முன்னோர் கதையென்றே படிப்பர்.